பம்பு நின்ற பிறகும் வற்றும் ஆறு

கலிபோர்னியாவின் வட கோடியில், ஆரிகன் எல்லைக்குச் சற்றுத் தெற்கே, ஸ்காட் பள்ளத்தாக்கு இருக்கிறது. மேற்கிலும் தெற்கிலும் பனி உறையும் உயர்ந்த மலைகள். நடுவே ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் சமவெளி. குதிரை மசாலும் மேய்ச்சல் புல்லும் கொஞ்சம் தானியமும் விளைகிற மண். எட்னா, ஃபோர்ட் ஜோன்ஸ் என்று இரண்டு சிற்றூர்கள். சமவெளியின் ஊடே வடக்கு நோக்கி ஓடும் ஸ்காட் ஆறு, பிறகு மேற்கே திரும்பி, ஆழமான மலையிடுக்கு வழியாக இறங்கிக் கிளமத் பேராற்றில் கலக்கிறது. கிளமத் பசிபிக் கடலில் சேர்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீர் தீர்ந்துபோகவில்லை. கோடையில் கிணறுகளின் மட்டம் இறங்கும். மழையும் பனியும் வந்ததும் பெரும்பாலான ஆண்டுகளில் பழைய நிலைக்கு ஏறிவிடும். கலிபோர்னியாவின் நடுப்பகுதியில் உள்ள சான் வாக்கின் பள்ளத்தாக்கில் நீர்மட்டம் பல பத்தாண்டுகளாகச் சரிந்து, தரையே பல அடி அமிழ்ந்துபோனது. அப்படி எதுவும் இங்கே நடக்கவில்லை. ஆனாலும் வறண்ட ஆண்டுகளில், ஆகஸ்ட் செப்டம்பர் வாக்கில், ஃபோர்ட் ஜோன்ஸ் அருகே 1941 முதல் இயங்கிவரும் நீரளவு நிலையத்தில் ஆற்றின் ஓட்டம் விநாடிக்கு 10 கன அடிக்கும் கீழே போய்விடுகிறது. பல இடங்களில் படுகை காய்ந்து, ஆறு தனித்தனிக் குட்டைகளாக உடைகிறது. அந்தக் குட்டைகளில் சால்மன் குஞ்சுகள் அகப்பட்டுக்கொள்கின்றன.

கிணறு நிரம்பிவிடும் ஊரில் ஆறு ஏன் வற்றுகிறது? விடை, நீரின் மொத்த அளவில் இல்லை. நீர் வந்து சேரும் மாதத்தில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கு சரியாக வரும் ஒரு பள்ளத்தாக்கில் செப்டம்பர் கணக்கு மட்டும் பொய்த்துப்போகிறது. மீனுக்கு வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் செப்டம்பர்தான்.

மூன்றாண்டு வாழ்க்கையில் ஒரு கோடை

கோஹோ சால்மன் பெரும்பாலும் மூன்றாண்டு வாழும். அக்டோபர் இறுதியிலிருந்து ஜனவரி வரை, கடலில் வளர்ந்த மீன்கள் தாம் பிறந்த ஆற்றைத் தேடி வருகின்றன. பெண்மீன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடுகிறது. அதன் பிறகு ஆணும் பெண்ணும் இறந்துவிடும். கற்களின் இடுக்கில் ஊடுருவி ஓடும் குளிர்ந்த நீரில் முட்டைகள் பொரிகின்றன; வசந்தத்தில் குஞ்சுகள் மேலே வருகின்றன.

அதே ஆற்றுக்கு வரும் சினூக் சால்மனின் குஞ்சுகள் அந்த வசந்தத்திலோ கோடைத் தொடக்கத்திலோ கடலை நோக்கிக் கிளம்பிவிடும். கோஹோ அப்படிக் கிளம்புவதில்லை. ஓராண்டு முழுக்க நன்னீரிலேயே தங்கி வளர்ந்து, அடுத்த வசந்தத்தில்தான் கடலுக்குப் போகிறது. ஆகவே ஒவ்வொரு கோஹோவும் தன் வாழ்நாளில் ஒரு கோடையை ஆற்றில் கடந்தே தீர வேண்டும். நீரின் வாராந்திரச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 17 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அந்த ஓடையில் கோஹோக் குஞ்சுகளைக் காண்பது அரிது. கோடையில் மழையே பெய்யாத ஊரில் ஆற்றுக்கு அவ்வளவு குளிர்ந்த நீர் எங்கிருந்து வரும்? மலையில் பனி உருகி முடிந்த பிறகு, மண்ணுக்கு அடியிலிருந்துதான் வர வேண்டும். நிலத்தடி நீரின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். கோடை வெயில் அதைத் தொடுவதில்லை. படுகையின் அடியிலிருந்து கசிந்து வரும் அந்த நீர் ஆற்றின் அளவையும் காக்கிறது, குளிர்ச்சியையும் காக்கிறது. அது குறையும்போது மீனுக்கு இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுகிறது.

சினூக்கிற்குச் சோதனை இலையுதிர்காலத்தில் வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் கடலிலிருந்து ஏறிவரும் பெரிய மீன்கள், மலையிடுக்கின் ஆழமற்ற கல்மேடுகளைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் நுழைவதற்குப் போதிய ஓட்டம் வேண்டும். ஓட்டம் இல்லையென்றால் இடுக்கின் கீழ்ப்பகுதியிலேயே முட்டையிட்டுவிடும். அங்கே குளிர்கால வெள்ளம் முட்டைக்குழிகளை அரித்துக்கொண்டு போகும் ஆபத்து அதிகம்.

கோஹோவின் மூன்றாண்டுச் சுழற்சியில் இன்னொரு அபாயம் ஒளிந்திருக்கிறது. ஆற்றுக்கு இந்த ஆண்டு வரும் மீன்களின் பிள்ளைகள் மூன்று ஆண்டு கழித்துத்தான் வரும். அதாவது ஒரே ஆற்றில் மூன்று தனித்தனி வம்சங்கள் முறை வைத்து வாழ்கின்றன. ஒரு கொடிய கோடை ஒரு வம்சத்தையே ஏறக்குறைய துடைத்துவிடும். மற்ற இரண்டும் அதை எளிதில் ஈடுசெய்ய முடியாது. தெற்கு ஆரிகன், வட கலிபோர்னியக் கரையோரக் கோஹோக்களை அமெரிக்க மத்திய அரசு 1997-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. 2005-இல் கலிபோர்னிய அரசும் தன் பட்டியலில் சேர்த்தது. 2014-ஆம் ஆண்டு வறட்சியில் வற்றிக்கொண்டிருந்த ஸ்காட் ஆற்றுப் பகுதிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோஹோக் குஞ்சுகளை வலையிட்டுப் பிடித்து, குளிர்ந்த ஓடைகளுக்கு எடுத்துச்சென்று விட்டார்கள். அரும்பணிதான். ஆனால் ஓர் ஆற்றின் மீன்களை வாளியில் சுமந்து காப்பாற்ற வேண்டிய நிலை, அந்த ஆற்றின் நிர்வாகம் தோற்றுவிட்டது என்பதற்கான சான்றும்கூட.

கிணறு யாருடைய நீரைக் குடிக்கிறது?

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்களுக்கு ஓர் உண்மை கைக்கெட்டிய அறிவாகத் தெரியும்: மேலே ஓடுகிற நீரும் கீழே இருக்கிற நீரும் ஒரே நீர். ஸ்காட் சமவெளி, ஆறும் அதன் ஓடைகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த மணலும் சரளையும் களிமண்ணும் நிறைந்த பள்ளம். அந்த வண்டல் முழுக்க நீர் ஊறிக் கிடக்கிறது. நிலத்தடி மட்டம் ஆற்றின் மட்டத்தைவிட உயரமாக இருக்கும் இடத்தில் நீர் ஆற்றுக்குள் கசிகிறது. தாழ்வாக இருக்கும் இடத்தில் ஆறு நிலத்துக்குள் கசிகிறது. கோடை முற்ற முற்ற, ஆற்றுக்கு ஊட்டும் இடங்கள் குறைந்து, ஆற்றிடமிருந்து உறிஞ்சும் இடங்கள் பெருகுகின்றன.

இதில் கிணற்றின் பங்கு என்ன? 1940-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் சார்லஸ் தீஸ் அதைத் தெளிவாக எழுதினார். பம்பு ஓடத் தொடங்கும்போது வெளியே வருவது கிணற்றைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் நீர். கிணற்றைச் சுற்றி மட்டம் கூம்பு வடிவில் இறங்குகிறது. நாள் போகப் போக அந்தக் கூம்பு விரிந்து ஆற்றை எட்டுகிறது. அப்போது இரண்டில் ஒன்று நடக்கும்: ஆற்றுக்குப் போக வேண்டிய நீர் வழியிலேயே பிடிபடும், அல்லது ஆற்றிலிருந்தே நீர் இழுக்கப்படும். காலப்போக்கில் கிணறு எடுக்கும் நீரில் பெரும்பங்கு இப்படி ஆற்றின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டதாகவே முடியும்.

எவ்வளவு காலம் ஆகும் என்பது தூரத்தைப் பொறுத்தது. ஆனால் நேர் விகிதத்தில் இல்லை. ஆற்றிலிருந்து கிணறு இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், பாதிப்பு ஆற்றை எட்டும் காலம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கரையோரக் கிணற்றின் இழுப்பைச் சில நாளிலேயே ஆறு உணர்ந்துவிடும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள கிணற்றில் ஜூன் மாதம் எடுத்த நீரின் விளைவு இலையுதிர்காலத்தில்தான் ஆற்றில் முழுதாகத் தெரியக்கூடும்.

இதில் எளிதில் கண்ணில் படாத ஒரு விளைவு உண்டு. பம்பை நிறுத்தினாலும் கூம்பு உடனே மறைவதில்லை. அது மெல்ல நிரம்ப வேண்டும். நிரப்புகிற நீர், ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய நீர். ஆகவே பாசனம் முடிந்து, கடைசி பம்பும் நின்ற பிறகும், ஆறு வாரக்கணக்கில் அந்தக் கோடையின் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறது. சினூக் ஏறிவரும் நாட்கள் அவை. செப்டம்பரில் ஆறு வற்றிவிட்டதே என்று பதறி அன்றைக்கு எல்லாப் பம்புகளையும் நிறுத்தினால், கரையோரக் கிணறுகளைத் தவிர மற்றவற்றால் அந்த மாதத்துக்குப் பெரிய பலன் கிடைக்காது. முடிவெடுக்க வேண்டிய காலம் அதற்குள் கடந்து போயிருக்கும்.

தெளிப்பான் வந்த பிறகு

ஆறு எப்போதிலிருந்து மெலிந்தது? 2008-இல் ராபர்ட் வான் கிர்க், சேத் நாமன் இருவரும் வெளியிட்ட ஆய்வு, 1942 முதல் 1976 வரையிலான கோடை ஓட்டத்தையும் 1977 முதல் 2005 வரையிலான ஓட்டத்தையும் ஒப்பிட்டது. பாசனம் குறைவான பக்கத்து ஆறுகளை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பருவநிலையின் பங்கையும் மனிதர்களின் பங்கையும் பிரித்துப் பார்த்தார்கள். ஸ்காட் ஆற்றின் கோடை ஓட்டக் குறைவில் 39 விழுக்காடு பருவநிலை மாற்றத்தால் விளக்கப்பட்டது. மீதிக்குப் பெரிதும் காரணம் உள்ளூர் நீர்ப் பயன்பாடு. 1950களிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கில் பாசனத்துக்கு எடுக்கப்படும் நீர் ஆண்டுக்கு 4.8 கோடி கன மீட்டரிலிருந்து 10.3 கோடி கன மீட்டராக உயர்ந்திருந்தது.

இதற்குள் ஒரு முரண் இருக்கிறது. முன்பு ஓடைநீரை மண் வாய்க்கால்களில் திருப்பி வயலில் பாய விட்டார்கள். வீணாகிறது என்று சொல்லப்பட்ட அந்த நீரில் கணிசமான பங்கு வாய்க்காலிலும் வயலிலும் கசிந்து நிலத்தடிக்குப் போய், மாதங்கள் கழித்து ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு ஆழ்துளைக் கிணறுகளும் தெளிப்பான்களும் வந்தன. விவசாயி ஒவ்வொரு துளியையும் செடிக்குச் சரியாகச் சேர்த்தார். அவருடைய வயலின் கணக்கில் அது சிக்கனம். பள்ளத்தாக்கின் கணக்கில், நிலத்தடிக்குப் போகும் நீர் குறைந்து, நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீர் கூடியது. ஓடை நீர் தீரும்போது முன்பு பாசனமும் நின்றுவிடும். கிணறு வந்த பிறகு செப்டம்பர் வரை தொடர முடிந்தது. சிக்கனத்தை வயலின் வரப்புக்குள் மட்டும் அளந்தால் ஆற்றுக்கு நேர்ந்தது தெரியாமலே போய்விடும்.

பழியை விவசாயிகள் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. 1830களில் தோல் வியாபாரிகள் இங்கே வந்தபோது இதைப் பீவர் பள்ளத்தாக்கு என்றே அழைத்தார்கள். மரக்கிளைகளாலும் சேற்றாலும் ஓடைகளுக்கு அணை கட்டும் அந்த விலங்குகளை ஆயிரக்கணக்கில் பிடித்துத் தீர்த்தார்கள். 1850-இல் தங்க வேட்டை தொடங்கியது. 1930களிலும் 40களிலும் ஒரு பெரிய தூர்வாரி எந்திரம் காலஹான் ஊரருகே ஆற்றுப்படுகையைப் பல கிலோமீட்டருக்குப் புரட்டிப் போட்டுத் தங்கம் சலித்தது. அது விட்டுச்சென்ற கற்குவியல்களுக்கு அடியில் கோடையில் ஆறு இன்றும் மறைந்துவிடுகிறது. வெள்ளத் தடுப்புக்கென்று ஆற்றின் வளைவுகள் நேராக்கப்பட்டு, கரை மரங்கள் அகற்றப்பட்டன. இன்றைய விவசாயி பம்பைப் போடுவதற்கு வெகுமுன்பே இந்த ஆறு தன் நீரைத் தேக்கிவைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்திருந்தது.

சட்டம் நிலத்துக்கு அடியில் இறங்கியது

அமெரிக்க மேற்குப் பகுதியில் ஆற்று நீருக்கு ஒரு சட்டம், கிணற்று நீருக்கு இன்னொரு சட்டம் என்ற பிரிவினை நெடுங்காலம் நீடித்தது. ஸ்காட் ஆற்றில் அந்தச் சுவரில் முதல் விரிசல் 1980-இல் விழுந்தது. ஆற்றின் நீருரிமைகளை வரையறுத்த அந்த ஆண்டின் தீர்ப்பாணை, ஆற்றையொட்டிய ஒரு பகுதியின் நிலத்தடி நீரையும் சேர்த்துக்கொண்டது. கலிபோர்னியாவில் அது புதுமை. ஆனால் அந்தப் பகுதிக்கு வெளியே உள்ள கிணறுகள் கட்டுப்பாடின்றி இருந்தன. தூரத்துக் கிணறும் தாமதமாகவேனும் ஆற்றை எட்டும் என்ற இயற்பியல், வரைபடத்தில் போட்ட கோட்டோடு நின்றுவிடுவதில்லை.

2014-இல் கலிபோர்னியா நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. நிலத்தடி நீரெடுப்பால் ஆறுகளும் ஓடைகளும் குன்றுவதைத் தவிர்க்க வேண்டிய தீங்குகளில் ஒன்றாக அது வெளிப்படையாகக் குறித்தது. ஆனால் 2015 ஜனவரி 1-க்கு முன்பே நேர்ந்துவிட்ட பாதிப்புகளைச் சரிசெய்தே தீர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஸ்காட் ஆறு அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மெலிந்துவிட்டது.

இந்த இடைவெளியில்தான் 2018 ஆகஸ்டில் ஸ்காட் ஆறு பற்றிய வழக்கில் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முக்கியமாகிறது. படகு போகும் ஆறுகளை அரசு மக்களின் பொறுப்பாளராக இருந்து காக்க வேண்டும் என்பது பொது நம்பிக்கைக் கோட்பாடு. மோனோ ஏரி வழக்கில் 1983-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், ஏரிக்கு நீர் தரும் ஓடைகளைத் திருப்புவதற்கும் அந்தக் கடமை பொருந்தும் என்றது. ஸ்காட் வழக்கில் நீதிமன்றம் இன்னோர் அடி வைத்தது: கிணறு வழியாக எடுத்தாலும், ஆற்றுக்குத் தீங்கு நேர்ந்தால் அதே கடமை உண்டு. 2014-இன் சட்டம் அந்தக் கடமையை நீக்கிவிடவில்லை என்றும் சொன்னது. மோனோ ஏரித் தீர்ப்பு இந்தியாவுக்கும் அந்நியமில்லை. நம் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் பொது நம்பிக்கைக் கோட்பாட்டை ஏற்றபோது அதையும் எடுத்தாண்டது.

2021 வறட்சியில் மாநில நீர் வாரியம் அவசர விதிகளைக் கொண்டுவந்தது. ஃபோர்ட் ஜோன்ஸ் நிலையத்தில் ஒவ்வொரு மாதமும் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஓட்டம் நிர்ணயிக்கப்பட்டது. ஆகஸ்டுக்கு விநாடிக்கு 30 கன அடி. ஓட்டம் அதற்குக் கீழே போனால் நீரெடுப்பை நிறுத்த ஆணையிடலாம். கூடவே ஒரு மாற்று வழியும் தரப்பட்டது: நிலத்தடி நீர்ப் பாசனத்தை 30 விழுக்காடு குறைக்கும் திட்டத்தை விவசாயியே வகுத்து ஒப்புதல் பெற்றால், முழு நிறுத்தத்திலிருந்து விலக்கு. எந்த வயலை விடுவது, எந்த அறுப்போடு நிறுத்துவது என்பதை நிலத்தை அறிந்தவரே முடிவு செய்யலாம். ஆறு வற்றிய பிறகு வரும் ஆணையைவிட, பருவத் தொடக்கத்திலேயே போடும் இத்தகைய உடன்பாடு கிணற்றின் தாமதத்தோடு பொருந்திப் போகிறது.

தை மாத நீரைப் புரட்டாசிக்குக் கொண்டுபோவது

எவ்வளவு குறைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாமல் யாரிடமும் தியாகம் கேட்க முடியாது. 2006-இல் விவசாயிகள் தாமாக முன்வந்து தங்கள் கிணறுகளை அளக்க அனுமதித்தார்கள். அந்த அளவுகளின் துணையோடு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹார்ட்டர் குழுவினர் பள்ளத்தாக்கின் கணினி மாதிரியை உருவாக்கினார்கள். ஒவ்வொரு வயலின் பயிர், மண், பாசனம், கிணறு, ஓடை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வயலில் சோதிக்க ஆண்டுகள் ஆகும் கேள்விகளை அதனிடம் கேட்கலாம்.

முதல் கேள்வி: குதிரை மசாலுக்குப் பாசனத்தை முன்கூட்டியே நிறுத்தினால்? அதன் வேர் ஆழமானது. கோடையின் பின்பாதியில் நீரின்றி உறங்கிக் கிடந்து மறுபடி தழைக்கும். கடைசி அறுப்பு நட்டமாகும், பயிர் பெரும்பாலும் பிழைக்கும். ஜூலை 10-லேயே நிறுத்துவதற்கும் ஆகஸ்டில் நிறுத்துவதற்கும் ஆறு காட்டும் வேறுபாட்டை மாதிரியில் ஒப்பிட்டார்கள். முன்னதாக நிறுத்துவதே ஆற்றுக்கு அதிகம் தருகிறது.

இரண்டாவது கேள்வி: குளிர்காலத்தில் மிகுந்து ஓடும் நீரை வாய்க்கால்கள் வழியே திருப்பி, உறங்கிக் கிடக்கும் வயல்களில் ஊறவிட்டால்? ஹெலன் டால்க்கி குழுவினர் இந்தப் பள்ளத்தாக்கில் குதிரை மசால் வயலிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். விட்ட நீரில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வேர்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது. நீர் வடியும் மண்ணில் பயிருக்குப் பெரிய கேடு வரவில்லை. இங்கே இடம்தான் முக்கியம். ஆற்றுக்கு மிக அருகில் ஊறவிட்டால் அந்த நீர் ஏப்ரலிலேயே, யாருக்கும் தேவையில்லாதபோது, ஆற்றில் வடிந்துவிடும். சரியான தூரத்தில் ஊறவிட்டால் அதே தாமதம் நமக்கு வேலை செய்யும். கிணற்றின் தீங்கைச் செப்டம்பருக்குத் தள்ளிவிடும் இயற்பியல், தை மாதத்தில் ஊற்றிய நீரையும் புரட்டாசிக்குக் கொண்டுபோகும்.

மூன்றாவது வழி இன்னும் எளியது. வசந்தத்தில் ஆறு நிரம்பி ஓடும்போது வாய்க்கால் நீரால் பாசனம் செய்து, கிணறுகளை ஓய்வில் விடுவது. எடுக்காமல் விட்ட ஒவ்வொரு கன அடியும் நிலத்துக்குள் சேமிப்பாக நிற்கிறது.

இவற்றுக்கு வரம்பு உண்டு. மிக வறண்ட ஆண்டில் திருப்பிவிட உபரி நீரே இருக்காது. அந்த ஆண்டுகளில் எடுப்பைக் குறைப்பது ஒன்றே வழி. அதனால் வரும் இழப்பை விவசாயிக் குடும்பங்கள் மட்டும் சுமக்கக் கூடாது. மலைப்பனியின் அளவும் வசந்தகாலக் கிணற்று மட்டமும் தெரிந்தால், இலையுதிர்கால ஓட்டம் எப்படி இருக்கும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே ஓரளவு கணிக்கலாம் என்று ஹார்ட்டர் குழுவினரின் பிந்தைய ஆய்வு காட்டுகிறது. விதைக்கும் முன்பே, உரம் வாங்கும் முன்பே சொல்லிவிட்டால் விவசாயியின் இழப்பு குறையும். ஆகஸ்டில் சொன்னால் செலவு முழுவதும் செய்து முடித்திருப்பார்.

இன்னொரு கூட்டாளியும் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2014-இல் ஸ்காட் ஆற்று நீர்ப்பிடிப்புப் பகுதிக்கான உள்ளூர் அமைப்பினர், சுகர் ஓடையில் மரக்கம்புகளை நட்டுக் கிளைகளைப் பின்னி, பீவர் கட்டுவது போன்ற தடுப்புகளை அமைத்தார்கள். கலிபோர்னியாவில் அதுவே முதல் முயற்சி. தடுப்புக்குப் பின்னால் குளம் தேங்குகிறது, சுற்றியுள்ள நிலத்தடி மட்டம் உயர்கிறது, குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறது. பீவர்களும் வந்து தடுப்புகளைத் தம் பங்குக்குச் செப்பனிடுகின்றன.

மாதத்தை ஆளுவது

2024-இல் கிளமத் ஆற்றின் குறுக்கே இருந்த நான்கு அணைகளின் அகற்றம் நிறைவு பெற்றது. காரூக், யூரோக் முதலான பழங்குடி மக்கள் பல்லாண்டு போராடிப் பெற்ற வெற்றி அது. சால்மன் அவர்களுக்கு உணவும் வழிபாடும் ஆகும். ஆனால் ஸ்காட் ஆறு அந்த அணைகளுக்குக் கீழேதான் கிளமத்தில் சேர்கிறது. கடலிலிருந்து ஸ்காட்டுக்கு வரும் வழியில் அவை என்றுமே குறுக்கே நின்றதில்லை. இங்கே தடை கான்கிரீட்டில் இல்லை. வெடிவைத்துத் தகர்க்க எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான கிணறுகள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக, வெவ்வேறு தாமதத்தில் கழித்துக்கொள்ளும் நீர்தான் தடை. காரூக் மக்களும் மீனவர் சங்கக் கூட்டமைப்பும் 2023-இல் இந்த ஆற்றுக்கு நிரந்தரக் குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும் என்று நீர் வாரியத்திடம் மனுக் கொடுத்தது இதனால்தான். வறட்சிக்கு வறட்சி புதுப்பிக்கும் அவசர விதியை நம்பி, மூன்றாண்டுச் சுழற்சியில் வாழும் ஓர் உயிர் நிலைக்க முடியாது.

நிலத்தடி நீர் பற்றிப் பேசும்போது உலகெங்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறதா? ஸ்காட் பள்ளத்தாக்கு அந்தக் கேள்வியில் தேறிவிடுகிறது. ஆனாலும் அதன் மீன்கள் சாகின்றன. ஆகவே இரண்டாவது கேள்வி ஒன்றும் அவசியம்: எந்த மாதத்தில் யாருக்கு எவ்வளவு நீர் மிஞ்சுகிறது? அதற்கு விடை சொல்ல ஒவ்வொரு கிணற்றிலும் அளவுமானி வேண்டும், ஆற்றிலிருந்து அதன் தூரம் கணக்கில் வர வேண்டும், ஒதுக்கீடு வசந்தத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும், குறைத்துக்கொள்பவருக்கு ஈடு கிடைக்க வேண்டும், மீனுக்குரிய ஓட்டம் மிச்சத்தில் பார்ப்பதாக இல்லாமல் முதல் ஒதுக்கீடாக எழுதப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. நீர் நிலத்துக்குள் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது 1940 முதல் நமக்குத் தெரியும். அந்த வேகத்துக்கு ஏற்றபடி முன்கூட்டியே முடிவெடுக்க நம் நிர்வாகங்கள் பழக வேண்டியதுதான் பாக்கி.